சந்தியாகு என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் தங்கச்சிமடம். கணவர் விசைப்படகில் டிரைவர். ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. போன வருடம் மாமனார் தவறிவிட்டார். அவர் பெயர் சந்தியாகு. பேரனுக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரை அவர் இன்னும் தன் வாயால் சொல்லவில்லை. "அவுக பேரு, அவுக பேரு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கணவரும் வீட்டில்தான், தினமும் இதே பேச்சு. நான் ஜேடன் என்று வைக்க நினைத்திருந்தேன். சந்தியாகு ரொம்பப் பழைய பெயர். பள்ளிக்கூடத்தில் "சந்தியா" என்று பொம்பளைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார்கள். இணையத்தில் ஒரு இடத்தில் "அந்திப்பொழுது" என்று பொருள் போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் "ஏமாற்றுகிறவன்" என்று இருக்கிறது. அது தமிழ்ப் பெயரே இல்லை, போர்த்துக்கீசியப் பெயர் என்கிறான் என் தம்பி. உண்மையில் இது என்ன பெயர்? எங்கள் ஊரிலேயே இப்போது ஏன் யாரும் வைப்பதில்லை? வைக்கலாமா, வேண்டாமா? ஜூலை திருவிழாவை ஒட்டி ஞானஸ்நானம். அதற்குள் பதில் சொல்லுங்கள்.

– தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சிமடத்து மகளுக்கு,

முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஊர்ப்பெயர், ஆட்பெயர் என்று அலைந்தவன் நான். இப்படியொரு கடிதம் வந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மாமியாரைப் பற்றி. கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு வாழ்நாளைக் கழித்த தலைமுறை அது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். அந்த அம்மாதான் இப்போது அந்தப் பெயர் வீட்டுக்குள் தினமும் ஒலிக்க வேண்டும் என்று கேட்கிறார். தான் சொல்ல முடியாவிட்டாலும் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்ற ஆசையாக இருக்கலாம். இதை மருமகளை அடக்குகிற பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். நற்றிணையின் 40-ஆம் பாட்டில் மகன் பிறந்த வீட்டுக்கு நள்ளிரவில் கள்வனைப் போல வந்து சேர்கிறான் ஒரு தலைவன். ஏன் வந்தான் என்றால், "சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே" என்கிறது பாட்டு. அவன் தந்தையின் பெயரைத் தாங்கும் பிள்ளை பிறந்துவிட்டானாம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடமாக நம் வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்து இது. உங்கள் வீடு மட்டும் தப்புமா?

சரி, பெயருக்கு வருவோம். உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. பாதிதான்.

சந்தியாகு என்பது இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபின் பெயர். எபிரேயத்தில் யாக்கோப். கிரேக்கத்துக்குப் போய் யாக்கோபோஸ் ஆனது, லத்தீனில் யாக்கோபுஸ் ஆனது. ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து மக்கள் வாயில் அது தேய்ந்து தேய்ந்து "யாகோ" என்று நின்றது. அதற்கு முன்னால் புனிதர் என்பதற்கான "சந்த்" சேர்ந்து சந்த் யாகோ, பிறகு ஒட்டிப்போய் சந்தியாகோ. சென்னையில் சாந்தோம் இருக்கிறதல்லவா, அந்த "சாந்"தும் இதே அடைமொழிதான். புனித தோமா என்பதன் போர்த்துக்கீசிய வடிவம் நம் வாயில் சாந்தோம் ஆகிவிட்டது.

அப்புறம் "ஓ" எப்படி "உ" ஆனது என்று கேட்கலாம். நம் ஆட்கள் சிதைத்துவிட்டார்கள் என்றுதான் நானும் ரொம்பநாள் நினைத்திருந்தேன். ஆனால் போர்த்துக்கல்லில் இன்றைக்கும் அழுத்தமில்லாத கடைசி "ஓ", "உ" மாதிரிதான் ஒலிக்கும். எழுத்தில்தான் சந்தியாகோ, அவர்கள் வாயில் ஏறக்குறைய சந்தியாகு. தியோகு, தொமிங்கு என்று பழைய கடற்கரைப் பெயர்கள் எல்லாமே "உ"வில் முடிவது அதனால்தான் என்பது என் கணிப்பு. நம் கரைக்காரர்கள் காதால் கேட்டு வைத்துக்கொண்டதை, பின்னால் வந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் "திருத்தினார்கள்".

அந்தப் பெயர் இங்கே வந்த காலம் 16-ஆம் நூற்றாண்டு. 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர் பெருங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். உங்களுக்குப் பக்கத்திலிருக்கிற வேதாளையில் போர்த்துக்கீசியர் காவல் வைத்திருந்தார்கள். 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் கொல்லப்பட்டது அங்கேதான். ஞானஸ்நானத்துக்கு ஒரு புனிதர் பெயர் வேண்டும், ஞானத்தகப்பனாக நிற்கிறவரின் பெயரும் பல நேரம் ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் அந்தோணி, சவேரி, இன்னாசி, மிக்கேல், சூசை, செபஸ்தியான், சந்தியாகு எல்லாம் கரையேறின. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி இவற்றையும் கொண்டுவந்தவர்கள் அதே ஆட்கள்தான். "சாவியை எங்கே வைத்தாய்" என்று கேட்கும்போது போர்த்துக்கீசியம் பேசுகிறோம் என்று யாராவது நினைக்கிறோமா? அப்படியானால் சந்தியாகு மட்டும் எப்படி அந்நியப் பெயர் ஆகும்? தம்பியிடம் கேளுங்கள்.

அதைவிட, வந்த பெயரை நம் ஆட்கள் சும்மா வைத்துக்கொள்ளவும் இல்லை. தேவாரம் பாடிய திருநாவுக்கரசரை அப்பர் என்கிறோமே, அதே அப்பரைச் சேர்த்துச் சந்தியாகப்பர் ஆக்கினார்கள். சூசையப்பரும் அப்படி வந்தவர்தான். உங்கள் ஊர் வேர்க்காட்டுக் கோயிலில் இருப்பவர் இவரே. திண்டுக்கல் பக்கம் போனால் முன்னாலிருக்கும் "சந்த்" இல்லாமல் யாகப்பன் என்று பெயர் வைப்பார்கள், யாகப்பன்பட்டி என்று ஓர் ஊரே உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணத்தில் இவருக்குச் சந்தியோகுமையோர் என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டபோது "மையோர்" என்பது ஏதோ சாதிப் பட்டம் என்று நினைத்து ஒரு வாரம் அகராதி புரட்டினேன். கடைசியில் பார்த்தால் அது போர்த்துக்கீசிய "மாயோர்", பெரியவர் என்று பொருள். சீடர்களில் இரண்டு யாக்கோபுகள் உண்டு. அவர்களில் பெரிய யாக்கோபு இவர்.

இந்தப் பெரிய யாக்கோபு யார் என்று பைபிளில் பாருங்கள், உங்கள் கணவருக்குப் பிடிக்கும். செபதேயுவின் மகன், யோவானின் அண்ணன், கலிலேயாக் கடலில் தொழில் செய்த மீனவர். இயேசு கூப்பிடும்போது அப்பாவோடு படகில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்து கொண்டிருந்தார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தடைக்காலத்தில் உங்கள் ஊர்க் கரையில் தினமும் பார்க்கிற காட்சி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இயேசு வைத்த பட்டப்பெயர் "இடியின் மக்கள்". சாந்தமான ஆட்களாக இருந்திருக்க மாட்டார்கள்! பன்னிருவரில் முதலில் உயிரைக் கொடுத்தவரும் இவர்தான், கி.பி. 44 வாக்கில் ஏரோது அகிரிப்பா அரசன் வாளால் வெட்டிக் கொன்றான். ஸ்பெயினில் இவர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகிற யாத்திரிகர்கள் அடையாளமாக ஒரு சிப்பியைக் கட்டிக்கொள்வார்கள். ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பொருள் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். "அந்திப்பொழுது" சுத்தத் தப்பு. அது சமஸ்கிருத சந்தியா, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "ஏமாற்றுகிறவன்" என்பது ஆதியாகமக் கதையை வைத்து வந்தது. முதல் யாக்கோபு பிறக்கும்போது இரட்டையனான ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தான், குதிகாலுக்கான எபிரேயச் சொல்லோடு பெயர் ஒத்துப்போகிறது. பின்னால் அண்ணனை அவன் ஏய்த்ததால் பெயருக்கும் அந்தக் கெட்ட பேர் வந்தது. "கடவுள் காப்பாராக" என்ற முழுப்பெயரின் சுருக்கம்தான் அது என்று சொல்லும் அறிஞர்களும் நிறைய. கடலுக்குப் போகிற வீட்டுக்கு இந்த இரண்டாவது பொருள் போதும். பெயர்ப் பொருள் சொல்லும் இணையப் பக்கங்களை நம்புவதற்குப் பதில் கிளி ஜோசியம் பார்க்கலாம், கிளியாவது அழகாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழக்கரையில் ஒரு யாகூப் இருப்பார், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் ஒரு யாக்கோபு இருப்பார், சென்னையில் வேலை பார்க்கிற ஒரு ஜேம்ஸ் இருப்பார், உங்கள் வீட்டில் ஒரு சந்தியாகு இருந்தார். நாலும் ஒரே பெயர். ஜேம்ஸ் எப்படி என்றால், பிற்கால லத்தீனில் யாக்கோபுஸ் என்பது யாக்கோமுஸ் என்று "ம" போட்டு மாறி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. உங்கள் ஊர்ச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மூன்று மதத்து ஆட்களும் வருவார்களே, அவர்களில் எத்தனை பேர் அவர் பெயரையே வேறு உருவத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்களோ!

ஏன் குறைந்துபோனது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் இதற்கு ஒரே காரணம் இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தவை.

ஒரு காலத்தில் பெயர் வைப்பது வீட்டின் கையில் மட்டும் இல்லை. 1917-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுகிறதா என்று பங்குச்சாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பெற்றோர் வேறு பெயர் கொண்டுவந்தால் ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய ஆட்களுக்குக் கோயிலில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று இரண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சந்தியாகப்பர் திருநாள் ஜூலை 25. அந்தப் பக்கத்தில் பிறந்த ஆண் பிள்ளைக்குக் கேள்வியே இல்லை, சந்தியாகு. மறுநாள் பிறந்த பெண் பிள்ளை என்றால் அன்னம்மாள், ஏனென்றால் 26 அன்னம்மாள் திருநாள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்கள் வேறு. ஆக ஒரு தெருவில் நாலு சந்தியாகு இருந்தால் அது ஆசைப்பட்டு வைத்தது மட்டும் இல்லை, நாள்காட்டியும் வைத்தது.

1983-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தப் பிடி தளர்ந்தது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாமலிருந்தால் போதும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பே, உலகத்து ஆயர்கள் ரோமில் கூடிய 1962–65 வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்திருந்தது. அதையொட்டி அருள், அன்பு, வளன் என்று தமிழ்ப் பெயர் வைக்கும் ஆசையும் பரவியது. இன்னொரு பக்கம் ஆங்கிலப் பள்ளிக்கூடம். சூசை ஜோசப் ஆனார், சவேரி சேவியர் ஆனார், சந்தியாகு ஜேம்ஸ் ஆனார். சில வீடுகளில் இதைப் பெற்றோர் செய்யவில்லை, பள்ளியில் பெயர் எழுதியவரே செய்துவிட்டார். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அருளப்பர் யோவான் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், நம் ஆளும் யாக்கோபுவாகவே நின்றார். ஞாயிற்றுக்கிழமை வாசகத்தில் காதில் விழாத பெயர் தொட்டிலுக்கு எப்படி வரும்? பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன் என்று தெரிந்து, அழகாகச் சின்னப்பர் என்று வைத்திருந்தார்கள். அது போனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. அது வேறு கதை.

இப்போது நடப்பது வேறு மாதிரி. பொருளும் வேண்டாம், புனிதரும் வேண்டாம், இரண்டு அசையில் முடிய வேண்டும், "ஜ"விலோ "ரி"யிலோ தொடங்க வேண்டும். இதற்காக நான் இளைய தலைமுறையைத் திட்டப் போவதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சந்தியாகு என்று முதன்முதலில் வைத்தபோது ஊர்ப் பெரியவர்கள் "இது என்னடா வாயில் நுழையாத பெயர்" என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அந்த வருடம் அதுதான் ஜேடன்.

தாத்தா பெயர்கள் கீழே போனதற்கு உங்கள் கரையிலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோ, லிஸ்பனில் பிறந்தவர். இங்கே வந்து அருளானந்தர் ஆனார். 1947-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ராமநாதபுரம் கிறிஸ்தவ வீடுகளில் அருளானந்தமும் உண்டு, பிரிட்டோவும் உண்டு. அவற்றில் சின்னப் பிள்ளைகளுக்கு இன்றும் தயங்காமல் வைப்பது பிரிட்டோ. போர்த்துக்கீசியம் என்பதால் பெயர் பழசாகிவிடாது என்பதற்கு இது போதாதா? காதுக்குச் சின்னதாக, எடுப்பாக இருந்தால் நிற்கிறது. சந்தியாகுவின் சிக்கல் அதன் நீளமும், முன்பாதியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சந்தியாவும்தான்.

அந்தக் கேலியைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயமான பயம். அதை நான் சின்னதாக்க மாட்டேன். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், நீங்கள் இன்னும் யோசித்திருக்க மாட்டீர்கள்: "சந்தியாகு" என்பது வேகமாகச் சொன்னால் "சந்தியாவுக்கு" மாதிரியே கேட்கும். எட்டாம் வகுப்பு வாத்தியார் "சந்தியாகு நோட்டைக் கொடு" என்பார், பின் பெஞ்சு சிரிக்கும். நடக்கும்.

ஆனால் இதற்கு வைத்தியம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துக்கீசியர்கள் காலப்போக்கில் சந்த் யாகோ என்பதைத் தப்பான இடத்தில் வெட்டி, சந் தியாகோ என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி உண்டான பெயர்தான் தியாகோ, இன்றைக்குப் பிரேசில் முழுக்க இருக்கிறது. பந்து விளையாட்டுப் பார்க்கிற உங்கள் கணவருக்குத் தியாகோ சில்வாவைத் தெரிந்திருக்கும். மரடோனாவின் டியேகோவையும் இந்த வழியில் சேர்ப்பதுதான் வழக்கம், வேறு வேர் சொல்கிறவர்களும் உண்டு. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பாம்பனில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் சந்தியாகு என்ற பெரியவரை எல்லோரும் தியாகு என்றுதான் கூப்பிட்டார்கள். போர்த்துக்கல்லில் கத்தி விழுந்த அதே இடத்தில் பாம்பனிலும் விழுந்திருக்கிறது, யாரும் யாரையும் கேட்காமல். அந்தத் தியாகுவைத் தியாகராஜன் என்று நினைத்து ஒரு வங்கி ஊழியர் படிவம் நிரப்பிக் கொடுத்ததும் நடந்தது.

ஆகவே என் ஆலோசனை: சான்றிதழில் சந்தியாகு, கூப்பிடத் தியாகு. பையன் பள்ளிக்கூடத்தில் முதல் நாளிலிருந்தே "என் பேரு தியாகு" என்று சொல்லப் பழகட்டும். சந்தியா நினைவே யாருக்கும் வராது. அவன் பெரியவனாகி வேறு ஊர், வேறு நாடு என்று போனால் முழுப்பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். உலகத்தில் பாதிக் கத்தோலிக்க நாடுகளில் எழுத்துக்கூட்டாமல் புரியும் பெயர் அது. சிலி நாட்டின் தலைநகரமே சந்தியாகோதான். உங்களுக்கும் இதில் ஒரு வசதி உண்டு. மாமனார் பெயரைச் சொல்லி அதட்ட மருமகளுக்கு நாக்கு வராது. "ஏய் சந்தியாகு, சோத்தைத் தின்னுடா" என்று மாமியார் எதிரில் கத்த முடியுமா? தியாகு என்றால் கத்தலாம்.

ஜேடனை விடவே மனமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, உங்கள் தீவிலேயே அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் முன்னெழுத்துகளில் ஆவுல் என்பது கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் அப்பா. மூன்று தலைமுறையை மூன்று எழுத்தில் சுமந்துகொண்டுதான் அவர் டெல்லி வரை போனார். உங்கள் பையனுக்கு அப்பா பெயரின் எழுத்துக்கு முன்னால் "ச." என்று ஒன்றைச் சேர்த்துவிடலாம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், முன்னெழுத்தை யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் மாமியார் கேட்பது காதால் கேட்கிற பெயரை. அவர் இதற்கு ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜேம்ஸ் என்று வைத்துச் சமாளிக்கலாமா என்று உங்கள் கணவர் கேட்பார், கேட்டிருப்பார். பெயர் அதேதான், ஆனால் மாமியாருக்கு அது வேறு ஆள்.

இனி எழுத்து விஷயம். இதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். என் பள்ளி இறுதிச் சான்றிதழில் ஒருவர் என் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டார். ஓய்வூதியம் வாங்கும் வரைக்கும் அந்த ஓர் எழுத்துக்காக நடந்தேன். சந்தியாகு மாதிரிப் பெயரில் இந்த ஆபத்து அதிகம். ஆங்கிலத்தில் "டி" மட்டும் போடுவார்கள், "டி, ஹெச்" என்று போடுவார்கள், இன்னொருவர் "டி"க்குப் பதில் "டாலர்" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போடுவார். கடைசியில் "ஓ"வா "யு"வா என்பது தனிக்கூத்து. ஆதாரில் ஒன்று, மீனவர் அட்டையில் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று என்று இருந்தால், படகு பிடிபட்டு அக்கரையில் ஆள் நிற்கும்போது இங்கே வீட்டுக்காரர்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே அவசரமில்லை, வீட்டில் பேசி முடித்தபிறகு போங்கள். ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் பையனுக்கும் அதுதான். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதே எழுத்துதான் விழ வேண்டும். பதிவேடு எழுதுகிற கோயில் பிள்ளையிடம் (கோயில் பணியாளரிடம்) வாயால் சொல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். எண்கணிதம் பார்த்து இன்னொரு "ஏ" சேர்க்கச் சொல்கிறவர் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எந்த எழுத்து என்றால், உங்கள் கணவரின் ஆதாரில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அதுவும் மாமனாரின் வாக்காளர் அட்டையும் ஒத்துப்போனால் வேறு யோசனையே வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், எதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். வீட்டில் மாமியாரிடம் "அத்தை, தியாகுன்னு கூப்பிட்டா உங்களுக்குச் சம்மதமா" என்று நீங்களே போய்க் கேளுங்கள், கணவரை அனுப்பாதீர்கள்.